அரையாண்டு லீவில் சின்னப் பிள்ளைகளோடு ஒருநாள்: மதுரையைச் சுற்றி எங்கே போகலாம்?

வில்லாபுரம் வாண்டுகள்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 5 முடிந்துவிட்டது, மகனுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்காரருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அத்தையும் எங்களோடு வருவார்கள், அவர்களுக்கு முழங்கால் வலி உண்டு. வீட்டில் இருப்பது ஒரு பைக். ஐந்து பேரும் சேர்ந்து கிளம்பினால் பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, எப்போதாவது வாடகைக் கார்.

போன மாதம் ஒரே நாளில் கொடைக்கானல் போய் வந்தோம். அதிகாலை நாலு மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக் காரில் போட்டோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. மகன் அழுது அழுது காரிலேயே தூங்கிப்போனான். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்குக் காத்திருந்தது ஒரு மணி நேரம், அப்புறம் இறங்க ஆரம்பித்துவிட்டோம். அடுத்த நாள் இரண்டு பேருக்கும் சளி. செலவு ஆறாயிரம் ஆயிற்று.

"கொடைக்கானலில் உனக்கு எது பிடித்தது பாப்பா?" என்று மகளிடம் கேட்டேன். "டீக்கடையில் ஒரு நாய்க்குட்டி இருந்துச்சே, அது" என்றாள். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்காகத்தான் போனோம், ஆனால் அந்த நாய்க்குட்டியைக்கூட ஐந்து நிமிடம் பார்க்க விடாமல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

இந்த அரையாண்டு லீவில் அப்படி வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், நிழல் வேண்டும், அத்தை உட்கார இடம் வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு நீங்கள் உண்மையாகவே போய் வந்த இடங்களைச் சொல்லுங்கள்.

நாகமலை நடை

தங்கச்சி, கீழக்குயில்குடிக்கு வாருங்கள். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கம், சமணர் மலை அடிவாரம். பதினெட்டு வருடமாக ஞாயிறு காலையில் நான் அங்கேதான் நடக்கிறேன்.

மலையடியில் தாமரைக் குளம், கரையில் அய்யனார் கோவில், விழுது விட்ட ஆலமரங்கள். எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. உங்கள் அத்தை ஆலமரத்தடியில் உட்கார்ந்தால் குளமும் மலையும் அங்கிருந்தே தெரியும். ஒன்றரை வயதுப் பையனுக்கு அந்த மண்ணும் சருகும் தொங்கும் விழுதும் போதும். ஆட்டுக்குட்டிகள் மேய்ந்துகொண்டிருக்கும், மகளுக்கு அவசரமில்லாமல் காட்டுங்கள்.

ஒருவர் பையனைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் மகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறலாம். பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. பேச்சிப்பள்ளம் வரை போக முடிந்தால் நல்லது. அங்கே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். 9, 10ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. ஐந்து வயதுக்கு நூற்றாண்டு புரியாது. "இந்தத் தாத்தா தலைக்கு மேல் பாம்பு ஏன் குடை பிடிக்குது?" என்று என் பேத்தி கேட்டாள். அவர் பார்சுவநாதர் என்று சொல்லி, எனக்குத் தெரிந்த மட்டும் கதை சொன்னேன். இன்றைக்கும் அவரைப் பாம்புத் தாத்தா என்றுதான் சொல்கிறாள்.

முடியாவிட்டால் இருபது படியோடு இறங்கிவிடுங்கள். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். மார்கழிதான் என்றாலும் ஒன்பதரைக்கு மேல் பாறை சுட ஆரம்பிக்கும். குளத்துப் படியில் பாசி இருக்கும், பையன் கையை விடாதீர்கள்.

நத்தம்ரோடு வாசகி

அண்ணன் சொல்வது நல்ல இடம்தான். ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள பெரியவர் என்றால் நான் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத்தான் சொல்வேன். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15 அன்று திறந்தது. 2 லட்சம் சதுர அடிக்கு மேல், லிப்ட் இருக்கிறது, ஏசி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்றே தனிப் பகுதியும் அமைத்திருக்கிறார்கள்.

என் மகனுக்கு நாலு வயது, இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. படப் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு அவனே ஒரு கதையை உருவாக்கிச் சத்தமாகச் சொல்லுவான். பக்கத்தில் இருக்கிற பிள்ளை வந்து கேட்கும். காசு கொடுத்து விளையாட விடும் இடங்களில் இந்த மாதிரி ஒரு பழக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

நாகமலை நடை

வாசகி சொல்வது சரி. ஆனால் மதுரையில் வெளியில் போய் மண்ணில் விளையாட வெயில் நம்மை அனுமதிப்பதே கார்த்திகையில் இருந்து தை வரைக்கும்தான். அக்னி நட்சத்திரத்தில் எங்கே போவது? நூலகத்தை அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிள்ளையை ஏசிக்குள் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வில்லாபுரம் வாண்டுகள்

இரண்டையும் குறித்துக்கொண்டேன். மகனுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். வெளியில் போனால் அதுதான் பெரிய கஷ்டம். சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போவீர்கள்? பஸ்ஸில் மகளுக்கு டிக்கெட் உண்டா?

அனுப்பானடி அப்பத்தா

இதை நான் சொல்கிறேன். மூன்று பேரன் பேத்திகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுற்றியவள்.

டவுன் பஸ்ஸில் உனக்கும் உன் அத்தைக்கும் டிக்கெட் கிடையாது தாயி, 2021இல் இருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான். பிள்ளைகளுக்கு முன்பு 3 வயது வரைக்கும் இலவசமாக இருந்தது, 2022இல் அதை 5 வயது வரைக்கும் ஆக்கினார்கள். 5 தாண்டிய பையன்களுக்கு அரை டிக்கெட். உன் மகள் பெண் பிள்ளை என்பதால் டவுன் பஸ்ஸில் அவளுக்கும் கவலையில்லை.

பால் கொடுக்க, பெரிய பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்களுக்கு என்று அறை இருக்கும், 2015இல் கொண்டு வந்தார்கள். கிளம்பும் முன் அங்கேயே கொடுத்துவிடு. ஊருக்கு வெளியே அந்த வசதியை எதிர்பார்க்காதே. பெரிய பருத்தித் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். கோவில் பக்கம் பூ விற்கிற பெண்களிடம் கேட்டால் கடைக்குப் பின்னால் உட்கார இடம் கொடுப்பார்கள், எனக்கு ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை.

சாப்பாட்டுக்கு இட்லியை நல்லெண்ணெயும் பொடியும் தடவி வாழை இலையில் கட்டு. மதியம் வரை கெடாது. வெளியில் போகும்போது தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தயிர்சாதம் கட்டினால் பாலை அதிகம் ஊற்றித் தயிரைக் குறைவாக விட்டுப் பிசை, மதியத்துக்குள் புளிக்காது. சின்னவனுக்கு மலைவாழைப்பழம் இரண்டு. வெந்நீர் பிளாஸ்க் ஒன்று, மாற்றுத்துணி இரண்டு செட். பெரியவர்கள் நாம் மாற்றுத்துணி எடுக்க மறந்துவிடுவோம், பிள்ளை வாந்தி எடுத்தால் நம் மேல்தான் எடுக்கும். உனக்கும் ஒரு செட் வை.

அவனியாபுரம் அப்பா

கீழடி அருங்காட்சியகத்தை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். என் அனுபவத்தில், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அங்கே கூட்டிப்போக வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் மூன்று வயது மகன் பத்து நிமிடத்தில் "வெளியே போலாம்" என்று ஆரம்பித்துவிட்டான். கண்ணாடிக்குள் இருக்கிற பானை ஓடும் பாசிமணியும் அவனுக்கு எப்படிப் புரியும்? எட்டு வயது ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில்லுக்கோடு

அவனியாபுரம் அண்ணனோடு நான் முரண்படுகிறேன். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

2023 மார்ச்சில் திறந்த இடம். சிலைமான் தாண்டி ராமநாதபுரம் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும், மதுரையில் இருந்து 12 கிலோமீட்டர் அளவுதான். செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருப்பதால் சின்னவன் முற்றத்தில் தத்தித் தத்தி நடப்பான், அத்தை ஓரமாக உட்காரலாம்.

பிள்ளைகளை எல்லாக் கூடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் வெளியே போகலாம் என்றுதான் சொல்லுவார்கள். நான் மூன்றே பொருளைத் தேடச் சொல்வேன். முதலில் சில்லு. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து வைத்திருப்பார்கள், கீழடியில் அந்த வட்டச் சில்லுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. போவதற்கு முதல் நாள் வாசலில் கோடு போட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிவிட்டுப் போவோம். மறுநாள் கண்ணாடிக்குள் சில்லைப் பார்த்ததும் ஒரு பையன் "டீச்சர், இது என்னோடது மாதிரியே இருக்கு!" என்று கத்தினான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் வைகைக் கரையில் ஒரு பிள்ளையும் இதை எறிந்து நொண்டி அடித்திருக்கும் என்று சொன்னேன். "அந்தப் பிள்ளை கோட்டை மிதிச்சுச்சா?" என்று கேட்டான். வரலாற்றில் அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

இரண்டாவது பகடைக்காய். மூன்றாவது தந்தத்தில் செய்த சீப்பு. இதில் நாம் வீட்டில் பயன்படுத்தாத பொருள் எது? எல்லாமே பிள்ளைக்குத் தெரிந்த பொருள்தான். மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும். மீதிக் கூடங்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், கீழடி எங்கேயும் போகாது.

அவனியாபுரம் அப்பா

டீச்சர், நான் எல்லாக் கூடத்தையும் பார்க்க வைக்கத்தான் முயற்சி செய்தேன். இந்த லீவில் சில்லோடு இன்னொரு தடவை போகிறேன்.

போடி லைன்

எங்களுக்குத் தெரிந்து சின்னப் பிள்ளைக்கு ரயிலைவிடப் பெரிய சுற்றுலா கிடையாது. மதுரை ஜங்ஷனில் காலையில் போடி வண்டியில் ஏறுங்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி. முன்பதிவு தேவையில்லை, 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டும் இல்லை.

இந்த லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010 கடைசியோடு மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதை போட்டுத் தேனி வரைக்கும் வண்டி வர 2022 மே ஆகிவிட்டது. போடி வரைக்கும் வந்தது 2023 ஜூனில். முதல் வண்டி வந்த அன்று எங்கள் ஊரில் ரயிலையே பார்த்திராத பன்னிரண்டு வயதுப் பையன்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று கை காட்டினார்கள். எங்கள் அய்யா அழுதுவிட்டார்கள். இன்றைக்கும் வழியில் பிள்ளைகள் கை காட்டும். உங்கள் மகளைத் திரும்பக் கை காட்டச் சொல்லுங்கள்.

வலது, இடது என்று இரண்டு பக்கமும் பார்க்க இருக்கிறது. உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய், மலைக்கு நடுவில் வண்டி வளைந்து போகும். ஆண்டிபட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வைகை அணை. 1959இல் காமராஜர் திறந்து வைத்தது, 111 அடி உயரம். பூங்காவும் மரமும் நிழலும் இருக்கிறது. மதியம் கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு, மாலை வண்டியில் திரும்பிவிடலாம். திரும்பும் வண்டி நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, விட்டால் பஸ்தான்.

வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ரயில் ஒத்துக்கொள்ளும். எழுந்து நடக்கலாம், ஜன்னல் பெரிசு.

மேலூர் சிட்டு

பறவை பார்க்கப் பிடிக்குமா? அரிட்டாபட்டியைப் பலரும் சொல்வார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். ஏழு மலைகள், குடைவரைக் கோவில், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி என்று நூற்றுக்கணக்கான வகைப் பறவைகள். எனக்கு உயிரான இடம். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையோடு இப்போது வேண்டாம். கடை இல்லை, கழிப்பறை இல்லை. வல்லூறு பாறை உச்சியில் ஒரு புள்ளியாகத் தெரியும், சின்னக் கண்ணுக்கு அது எட்டாது.

அதற்குப் பதில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். திருப்பத்தூர் பக்கம், சிவகங்கை மாவட்டம், மதுரையில் இருந்து ஐம்பது கிலோமீட்டர். நீங்கள் கேட்ட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கருவேல மரம் முழுக்க நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு என்று கூடு கட்டியிருக்கும். கரையில் நின்றாலே வெறும் கண்ணுக்குத் தெரியும். கூட்டில் குஞ்சு வாயைத் திறக்கும், தாய் ஊட்டும். மகள் தம்பிக்கு நீங்கள் ஊட்டுவதைத் தினமும் பார்க்கிறவள், உடனே புரிந்துகொள்வாள். பறவைகள் மிரண்டுபோகக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அதைச் சொல்லிப் பிள்ளையை மெதுவாகப் பேசச் சொன்னால் கேட்கும். தண்ணீர் இருக்கிற வருடம் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை நல்ல காலம்.

நத்தம்ரோடு வாசகி

அழகர்கோவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோசை ஒன்றுக்காகவே போகலாம். உளுந்து, மிளகு, சுக்கு எல்லாம் போட்டு நெய்யில் சுட்டுக் கனமாக இருக்கும். காரம் என்பதால் சின்னவனுக்கு உள்பாகத்தை மட்டும் பிய்த்துக் கொடுங்கள். மேலே பழமுதிர்சோலை, நூபுர கங்கை. குரங்குகள் அதிகம், பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். பாலிதீன் பை சலசலத்தாலே இறங்கி வரும், துணிப்பையில் வையுங்கள்.

அனுப்பானடி அப்பத்தா

தூரமே போக முடியாத ஞாயிறும் வரும். சாயங்காலம் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போ. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளம் ஆனது என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோவில் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். மகாலுக்குப் பகலில் போகும்போது இந்தக் கதையைச் சொல்லித் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லு. ஒரு தூணைப் பிடிக்க எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று எண்ணட்டும். இரவு ஒலி ஒளிக் காட்சி நடந்தாலும் அது மட்டும் இப்போது வேண்டாம், இருட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும், சின்னவன் தாங்கமாட்டான்.

ஒரு நாளைக்கு ஒரு இடம் தாயி. வழியில் இருக்கிறதே என்று இன்னொன்றைச் சேர்க்காதே. மதியம் ஒரு மணிக்குப் பிள்ளை தன் வீட்டுப் பாயில் தூங்க வேண்டும். ரயிலில் போகும் நாளுக்கு மட்டும் அதை விட்டுக்கொடு.

வில்லாபுரம் வாண்டுகள்

நேற்று கீழக்குயில்குடி போய் வந்தோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தரைக்கு எழுப்பினேன். குல்லா போட்டு, பொடி இட்லி கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஆறே முக்காலுக்குப் பனி இன்னும் குளத்து மேல் இருந்தது. அத்தை ஆலமரத்தடியில் உட்கார்ந்து, அய்யனார் கோவிலுக்கு வந்த ஒரு பாட்டியோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். மகன் முதலில் மண்ணில் கால் வைக்கவே மாட்டேன் என்றான். கால் மணி நேரம் கழித்து விழுதைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான், இறக்கிவிட்டால் அழுகை.

நானும் மகளும் மலை ஏறினோம். பேச்சிப்பள்ளம் வரை போய்ப் பாம்புத் தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். முப்பது முப்பத்தைந்து படி ஏறியிருப்போம், படிக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு குழி, மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் தலைப்பிரட்டைகள். மகள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். "வா, மேலே போவோம்" என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நாய்க்குட்டி ஞாபகம் வந்ததால் நானும் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம். வாலை எண்ணினாள், பெயர் வைத்தாள், நிழல் விழுந்தால் ஓடுகின்றன என்று அவளே கண்டுபிடித்துக் கையை மாற்றி மாற்றி நீட்டினாள். கீழே வந்து அவள் அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னாள். சிற்பம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நாகமலை அண்ணன் மன்னிக்கவும்.

பத்தரைக்கு வீட்டில் இருந்தோம். இரண்டு பேரும் மதியம் மூன்று மணி நேரம் தூங்கினார்கள். மொத்தச் செலவு ஆட்டோவும் டீயும்தான்.

சாயங்காலம் உடைந்த பூந்தொட்டி ஓடு ஒன்றை வீட்டுக்காரர் வாசல்படியில் தேய்த்து வட்டமாக்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு கீழடி. ரயில் பொங்கல் லீவுக்கு, அத்தைக்குப் பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்பதால் இப்போதே நாள் எண்ணுகிறார்கள்.

நாகமலை நடை

மன்னிப்பு எதற்குத் தங்கச்சி? ஆயிரம் வருடமாக அங்கே இருக்கிற சிற்பம், பாப்பா வரும்வரை காத்திருக்கும்.

மேலூர் சிட்டு

மூன்று வாரம் கழித்து அதே குழிக்கு மகளைக் கூட்டிப் போங்கள் அக்கா. தண்ணீர் வற்றாமல் இருந்தால் பின்னங்கால் முளைத்திருக்கும். அவள் பெயர் வைத்ததில் எது எது என்று அவளே சொல்லட்டும்.